வீணையிலிருந்து ஒரு முழம்

கீழ்வீட்டு மாமி நாற்பது வருடமாக வீணை வாசிக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் பேத்திக்கு அனுப்ப நான்கு கீர்த்தனைகளைப் பதிவு செய்து தர முடியுமா என்று கேட்டார். நான் அப்போதுதான் ஆசைப்பட்டு ஒரு கண்டென்சர் மைக் வாங்கியிருந்தேன். ஸ்டாண்டை நிறுத்தி, ஒயரைச் சொருகி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, "வாசிங்க மாமி" என்றேன். காதில் முதலில் விழுந்தது வீணை இல்லை, சமையலறை ஃப்ரிட்ஜின் உறுமல். அதற்கு மேல் கண்ணாடி வளையல். அந்த இரண்டுக்கும் அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வீணை.

"வளையலைக் கொஞ்சம் கழட்டிடறீங்களா மாமி?"

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா? நன்னா இருக்குடா!"

வளையல்களைக் கைக்குட்டையால் சுற்றிக் கட்டினோம். ஃப்ரிட்ஜை அணைத்தோம். வீணை மட்டும் கிணற்றைவிட்டு ஏறி வரவே இல்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன், மைக்கின் முதுகை வீணைக்குக் காட்டி வைத்திருக்கிறேன். மேடை மைக்கில் உச்சியைப் பார்த்துப் பேசுவோம். ஸ்டூடியோவில் புழங்கும் பெரிய கண்டென்சர் மைக்குகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில் கேட்பவை. பொதுவாகக் கம்பெனி முத்திரை இருக்கும் பக்கம்தான் முகம். பெட்டியோடு வந்த தாளில் இது எழுதியிருந்தது. அந்தத் தாளை யார் படிக்கிறார்கள்?

மைக்கைத் திருப்பியதும் வீணை வெளியே வந்தது, ஆனால் மாமியின் கூடத்தில் நேரில் கேட்கும் வீணையாக அது இல்லை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடப்போய்க் கற்றுக்கொண்டவைதான் இந்தக் கட்டுரை.

மைக்குக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். மேடைகளில் பார்க்கும் டைனமிக் மைக்கில் ஒரு சவ்வு, அதன் முதுகில் ஒட்டிய கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம். ஒலி வந்து சவ்வைத் தள்ளும்போது சுருளின் எடையையும் சேர்த்தே தள்ள வேண்டும். கண்டென்சரில் சுருள் கிடையாது. சில மைக்ரான் தடிமனே உள்ள ஒரு சவ்வு, பெரும்பாலும் தங்கப் பூச்சு பூசியது. அதற்குப் பின்னால் மயிரிழை இடைவெளியில் ஓர் உலோகத் தகடு. இரண்டும் சேர்ந்தால் ஒரு மின்தேக்கி. சீலிங் ஃபேன் மந்தமாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் வந்து "கண்டென்சர் போயிடுச்சு சார்" என்பாரே, பெயரில் இருப்பது அந்தக் கண்டென்சர்தான். அந்த மின்தேக்கியில் மின்னூட்டத்தை ஏற்றி நிறுத்திவிடுகிறார்கள். ஒலியில் சவ்வு அசைந்தால் இடைவெளி மாறும், அதோடு மின்தேக்குத் திறனும் மாறும். மின்னூட்டம் போக வழி இல்லாததால் மின்னழுத்தம் ஏறி இறங்கும். நாம் பதிவு செய்வது அந்த ஏற்ற இறக்கத்தை.

தள்ள வேண்டிய எடை இவ்வளவு குறைவு என்பதால், வீணைத் தந்தியில் நகம் படும் அந்தக் கணத்தின் கூர்மைகூட மழுங்காமல் வந்துவிடுகிறது. வளையல் அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்கும் அதுதான் காரணம்.

அமெரிக்காவின் பெல் நிறுவன ஆய்வாளர் ஈ. சி. வென்ட் 1916-இல் இந்தக் கண்டென்சர் மைக்கைச் செய்தார். அப்போது இசைத்தட்டுப் பதிவுக்கு மைக்கே கிடையாது. பெரிய கூம்புக் குழாயின் வாயருகே போய்ப் பாட வேண்டும், ஒலியின் பலமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியது அப்படித்தான். கூம்புக்கு வயலின் எட்டவில்லை என்பதற்காக, வயலினிலேயே ஓர் உலோகக் கூம்பைப் பொருத்திய ஸ்ட்ரோ வயலின் என்றொரு வாத்தியம் வந்தது. பதிவுக் கருவிக்காக வாத்தியம் உடம்பை மாற்றிக்கொண்ட காலம் அது. 1925-இல் மின்முறைப் பதிவு வந்தபோது, பெல் குழுமத்தின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் செய்த ஏற்பாட்டில் இருந்தது வென்ட்டின் வழிவந்த கண்டென்சர் மைக். வாத்தியக்காரர் தன் இடத்திலேயே உட்கார்ந்து வாசிக்கலாம், மைக்கை நகர்த்திக்கொள்ளலாம் என்று ஆனது. மைக்கை எங்கே வைப்பது என்ற கேள்வியும் அதோடுதான் பிறந்தது.

48 வோல்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸில் 48வி என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தாமல் மைக் செத்துப்போய்விட்டது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப்போனவர்கள் உண்டு. சவ்வும் தகடும் சேர்ந்த காப்ஸ்யூலில் பிறக்கும் மின்சாரம் ஒயரில் நான்கு அடி போவதற்குள் தேய்ந்துவிடும் அளவுக்கு நலிந்தது. அதனால் மைக்கின் வயிற்றுக்குள்ளேயே ஒரு சிறிய மின்சுற்று உண்டு, அதற்குச் சோறு வேண்டும். வால்வு காலத்து மைக்குகளுக்குத் தனியாக ஒரு பவர் சப்ளைப் பெட்டி கூடவே வரும். 1966-இல் பெர்லின் நாய்மன் நிறுவனம், ஒலியைச் சுமக்கும் அதே ஒயரிலேயே மின்சாரத்தை அனுப்பும் கேஎம் 84 மைக்கை நார்வே வானொலிக்காகச் செய்தது. அந்த வானொலி ஸ்டூடியோக்களில் அவசர விளக்குக்காக ஏற்கெனவே 48 வோல்ட் இருந்தது, அதையே எடுத்துக்கொண்டார்கள். நார்வேக்காரர்களின் அவசர விளக்கு இன்று சென்னையில் விற்கும் சின்னப் பெட்டியிலும் இருக்கிறது. ஒலியைச் சுமக்கும் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு மின்னழுத்தம் ஏறுவதால் ஒலிக்கு அது தெரிவதில்லை. இந்த ஏற்பாட்டுக்கு ஃபேன்டம் பவர், அதாவது ஆவி மின்சாரம் என்ற பெயர் அதனால் வந்தது. பொத்தானைத் தட்டும் முன்பு ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் வெடிபோல ஒரு 'டொப்' கேட்கும்.

சரி, ஃப்ரிட்ஜுக்கு வருவோம். "கண்டென்சர் மைக் ஊர்ச் சத்தத்தையெல்லாம் இழுக்கும், வீட்டில் டைனமிக்தான் நல்லது" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். இதில் பாதிதான் உண்மை. கண்டென்சர் அதிக மின்சாரம் தரும், அது சரி. ஒரே அளவு ஒலி அழுத்தத்துக்கு நாய்மன் யு87 ஏஐ என்ற கண்டென்சர், முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கும் கார்டியாய்டு நிலையில் சுமார் 28 மில்லிவோல்ட் தருகிறது, மேடைகளின் ஷ்யூர் எஸ்எம்58 தருவது 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. ஆனால் இரண்டிலும் வீணை எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு ஃப்ரிட்ஜும் பெரிதாகும். டைனமிக்கை அதே இடத்தில் வைத்து, கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை ஏற்றி, வீணையை அதே அளவுக்குக் கொண்டுவந்தால், ஃப்ரிட்ஜும் ஏறக்குறைய அதே அளவுக்குக் கூடவே வந்து நிற்கும். டைனமிக்கில் வீட்டுச் சத்தம் குறைவாகத் தெரிவதற்குப் பெரிய காரணம், அதை யாரும் நான்கு அடி தள்ளி வைப்பதில்லை, வாயோடு வாயாக வைத்துப் பாடுகிறோம் என்பதுதான். அப்படிப் பார்த்தால் கேள்வி எந்த மைக் என்பதில்லை. எவ்வளவு தூரம், எந்தத் திசை என்பதுதான்.

தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. வாத்தியத்திலிருந்து மைக்கை இரண்டு மடங்கு தள்ளிவைத்தால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறையும். அறையின் சுவர்களில் பட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும் எதிரொலி அப்படிக் குறையாது, அறை முழுவதும் அது ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆகவே மைக்கைத் தள்ளத்தள்ள ஒரு கட்டத்தில் நேரொலியும் அறையொலியும் சமமாகும், அதைத் தாண்டினால் நாம் பதிவு செய்வது வாத்தியத்தை அல்ல, அறையை. நம் வீடுகளில் சகஜமான 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம், மொசைக் தரை, வெறும் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன அளவு சுமார் 34 கனமீட்டர். எதிரொலி அடங்க 0.8 விநாடி ஆகிறது என்றால், அந்தச் சமத் தூரம் எல்லாத் திசையிலும் கேட்கும் மைக்குக்கு 37 சென்டிமீட்டர் அளவில் வருகிறது. கார்டியாய்டு மைக்குக்கு அது 64 சென்டிமீட்டர்வரை நீளும். என் முதல் பதிவில் மைக் நான்கு அடி தள்ளி, அதாவது 120 சென்டிமீட்டரில் இருந்தது. முகம் திரும்பியிருந்த நிலையிலும் அது மாமியின் சுவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு முழம் என்பது ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். சின்ன அறையில் கார்டியாய்டு மைக்குக்கு அது பாதுகாப்பான எல்லைக்குள் விழுகிறது. நான் இப்போது டேப் எடுத்துப் போவதில்லை. முழங்கையைக் குடத்தருகே வைத்து நடுவிரல் நுனிவரை அளந்து ஸ்டாண்டை நிறுத்துகிறேன்.

இன்னும் நெருங்கினால் என்ன? ஒரு சாணுக்குள் கொண்டுபோனால் அறை காணாமல் போகும்தானே? போகும். கூடவே வீணையும் போகும். ஒரு வாத்தியம் ஒரே புள்ளியிலிருந்து ஒலிப்பதில்லை. தஞ்சாவூர் வீணையில் தந்தியின் அதிர்வு, அதைத் தாங்கும் குதிரை வழியாகக் குடத்தின் மேல்பலகைக்கு இறங்குகிறது. பலகை ஒரு மாதிரி ஒலிக்கிறது, அதிலுள்ள துளைகள் வேறு மாதிரி, பலாமரக் குடத்தின் வயிறு இன்னொரு மாதிரி. மீட்டும் விரலிடம் ஒரு 'டிக்', தண்டியில் பதித்த மெட்டுகளின்மேல் ஊரும் விரலிடம் ஓர் உரசல். ஒரு முழத்தில் இவையெல்லாம் காற்றில் கலந்து ஒரே வீணையாகிவிடுகின்றன. ஒரு சாணில் எது கிட்டே இருக்கிறதோ அது மட்டும் வரும். குதிரைக்கு நேராக வைத்தால் தகரத்தில் தட்டுவதுபோல இருக்கும், துளைக்கு நேராக வைத்தால் பானைக்குள் பேசுவதுபோல இருக்கும். தவிர, கார்டியாய்டு வகை மைக்குக்கு ஒரு குணம் உண்டு, மிக நெருங்கினால் கீழ் ஒலிகளை ஊதிப் பெருக்கிவிடும். வானொலி அறிவிப்பாளர்களின் கட்டைக் குரல் பாதி அதனால்தான். வீணையின் மந்தரத் தந்திக்கு அந்த உதவி தேவையில்லை.

மேடையில் பலர் குடத்தில் ஒட்டும் கான்டாக்ட் மைக் இந்தச் சிக்கலை வேறு வழியில் முடித்துவிடுகிறது, மரத்தின் அதிர்வை நேரடியாக எடுக்கிறது, காற்றே தேவையில்லை. ஆயிரம் பேர் உட்கார்ந்த அரங்கில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் வீணை கேட்க வேண்டுமென்றால் அதுதான் நடைமுறை. ஆனால் பதிவில் அதை நான் சகிப்பதில்லை. அதில் கேட்பது ஒரு வாத்தியத்தின் நாடித்துடிப்பு, குரல் அல்ல.

வீணையின் குதிரை தனியாகப் பேச வேண்டிய விஷயம். சி. வி. ராமன் 1921-இல் இதை ஆராய்ந்து எழுதினார். பழைய இயற்பியல் விதிப்படி, ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்கும் மேலொலிகள் பிறக்கவே கூடாது. வீணையிலும் தம்புராவிலும் அவை பிறக்கின்றன. காரணம் குதிரையின் மேல்பரப்பு. வயலினில் இருப்பதுபோல் கூரான விளிம்பாக இல்லாமல் அது லேசாக வளைந்த தளமாக இருக்கிறது, தந்தி அதன்மேல் தொட்டும் விட்டும் அதிர்கிறது. தம்புராவில் தந்திக்கு அடியில் ஜீவா நூலை நகர்த்தி அந்த ரீங்காரத்தைத் தேடுவதும் இதே விஷயம்தான். அந்த மேலொலிகள்தான் வீணையின் உயிர், கண்டென்சர் மைக் கெட்டிக்காரத்தனமாக எடுப்பதும் அவற்றைத்தான். அதனால் மைக்கைக் குதிரைக்கு நேராகக் குறிபார்க்காமல், குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் நடுவே, கொஞ்சம் மேலிருந்து சாய்த்துப் பார்க்கவைப்பது எனக்குப் பிடித்த இடம். ரீங்காரம் வரும், குத்தாது.

இடத்தைக் கண்ணால் தேடாதீர்கள். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மற்றக் காதை மைக் இருக்கப்போகும் இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். ஒற்றை மைக்கும் ஒற்றைக் காதும் ஏறக்குறைய ஒரே நிலைமையில் இருப்பவை. தலையை நான்கு விரல்கடை நகர்த்தினாலே நிறம் மாறுவது தெரியும். நான் இப்படி மாமியின் வீணையைச் சுற்றி மண்டியிட்டு ஊர்ந்தபோது, "என்னடா, காது வலியா? நல்லெண்ணெய் காய்ச்சித் தரட்டுமா?" என்றார்.

நம் வாத்தியக்காரர்கள் தரையில் உட்கார்ந்து வாசிப்பவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து கிட்டார் வாசிப்பவரை மனதில் வைத்துச் சொல்லப்படும் யோசனைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே ஒரு குழி இருக்கிறது. வீணையின் பலகை தரைக்கு வெகு அருகில் இருக்கிறது. ஒலி மைக்குக்கு நேராகவும் வரும், தரையில் பட்டுத் தெறித்தும் வரும். பலகை 15, மைக் 60 சென்டிமீட்டர் உயரத்திலும், இடையே கிடைத்தூரம் 40 சென்டிமீட்டரும் இருந்தால், நேர்வழி 60 சென்டிமீட்டர், தரைவழி 85. வித்தியாசம் 25 சென்டிமீட்டர். 700 ஹெர்ட்ஸ் ஒலியின் அரை அலைநீளம் ஏறக்குறைய அதுவே. இரண்டு அலைகளும் எதிரும் புதிருமாக வந்து ஒன்றையொன்று தின்னும். உச்சி மெட்டுகளின் சுரங்களும் கீழ்ச் சுரங்களின் மேலொலிகளும் விழும் இடம் அது. அங்கே பள்ளம் விழுந்தால் ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளை ஏற்றி இறக்கும் எந்த ஈக்யூவாலும் சரியாக நிரப்ப முடியாது.

இதற்குப் பவானி ஜமுக்காளம் விரித்தால் போதும் என்று நினைத்தேன். போதாது. மெல்லிய விரிப்பு மிக உயர்ந்த ஒலிகளை மட்டும்தான் குடிக்கும், 700 ஹெர்ட்ஸ் அதை மதிக்காமல் ஊடுருவித் தரையில் பட்டுத் திரும்பும். தடிமன் வேண்டும். மாமி வீட்டுப் பரணில் இருந்த இலவம்பஞ்சு மெத்தையை இரண்டாக மடித்து, வீணைக்கும் மைக்குக்கும் நடுவே தரையில் போட்டோம். இரண்டு பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டபோது மாமிக்கே வித்தியாசம் தெரிந்தது. சுவரில் ஒட்டும் முட்டைத்தட்டு மாதிரியான ஸ்பாஞ்சுக்குச் செலவழிக்கும் முன் பரணைப் பார்ப்பது நல்லது. அப்படியே அறையிலிருக்கும் ஸ்டீல் பீரோவையும் பாருங்கள். மந்தரத் தந்தியை மீட்டினால் கூடவே பாடும் ஒரு கைப்பிடி எல்லா பீரோவிலும் இருக்கும். ஒரு துண்டைச் சுற்றினால் அடங்கிவிடும்.

திசையில் பலர் மறப்பது மைக்கின் முதுகை. கார்டியாய்டு மைக் நேர் பின்னால் வருவதைத்தான் மிகக் குறைவாகக் கேட்கும். என் முதல் நாள் தப்பையே இங்கே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், முகம் வீணைக்கு, முதுகு தெருச் சன்னலுக்கு. ஆட்டோ சத்தம் முழுக்கப் போகாது, ஆனால் நன்றாகத் தேயும். மின்விசிறிக்கு மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது, அணைத்தே ஆக வேண்டும். மே மாதச் சென்னையில் இது சித்திரவதை. ஒரு பாட்டு, பத்து நிமிடம் ஃபேன், மறுபடி ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் சுருதியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது, அறைச் சூடு மாறினால் தந்தியும் மாறும்.

மிருதங்கம் இதிலிருந்து முற்றிலும் வேறு ஜாதி. வீணையில் மைக்கின் சொந்த இரைச்சல் ஒரு பிரச்சினை, ஏனென்றால் வீணை சன்னமாக ஒலிப்பது. விவரத்தாளில் 'சுய இரைச்சல்' என்று போட்டிருப்பார்கள். ரோட் என்டி1-ஏ மாதிரிப் பெரிய சவ்வு மைக்கில் அது 5 டெசிபல், ஆடியோ-டெக்னிக்கா ஏடி2020-இல் 20. வீணைக்கு இந்த வித்தியாசம் 'ஸ்ஸ்' என்று காதுக்குத் தெரியும், மிருதங்கத்துக்குத் தெரியவே தெரியாது. மிருதங்கத்தின் பிரச்சினை நேர் எதிர், சாப்பு என்ற பலமான அடி விழும் கணத்தில் மைக்குக்குள்ளிருக்கும் மின்சுற்றே திணறிவிடலாம். அப்படித் திணறினால் இன்டர்ஃபேஸில் கெயினைக் குறைத்துப் பயனில்லை, சேதம் அதற்கு முன்பே நடந்துவிட்டது. மைக்கிலேயே 10 டெசிபல் குறைக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் போட வேண்டும், இல்லையென்றால் தள்ளி வைக்க வேண்டும். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் கோர்வையில் கை எவ்வளவு ஏறும் என்பதை ஒத்திகையில் யாரும் காட்டமாட்டார்கள். அதனால் ஒத்திகையில் அளவு காட்டும் பட்டை உச்சத்துக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி விட்டுவிடுவது என் பழக்கம். 24 பிட் பதிவில் அந்த இடைவெளியால் நஷ்டம் எதுவும் இல்லை.

மிருதங்கத்துக்கு இரண்டு முகம். வலக்கை முகமான வலந்தலையில் சுருதி, இடக்கை முகமான தொப்பியில் கும்கி என்ற கனத்த நாதம். தோல் வாத்தியத்தில் மேலொலிகள் ஒழுங்காக அடுக்கடுக்காக வராது என்பது பொது விதி. வலந்தலையின் நடுவே பூசும் கரணை அதை மீறி அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று ராமனே 1920-இல் காட்டினார். அந்தச் சுருதியைக் கேட்க வேண்டுமென்றால் மைக் வலந்தலையைப் பார்க்க வேண்டும். கச்சேரி மேடையில் மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்கார்ந்து, வலந்தலையைச் சபையின் பக்கம் காட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். இடக்கை வாத்தியக்காரர் என்றால் பக்கம் மாறிவிடும். மைக்கே இல்லாத காலத்தில் செய்துவைத்த ஏற்பாடு இது. ஒரே மைக்தான் இருக்கிறது என்றால், அதையே பின்பற்றி, சபையில் முதல் வரிசை இருக்கும் பக்கத்தில் இரண்டு முழம் தள்ளி, வலந்தலைக்குச் சற்று ஓரமாக வையுங்கள். தொப்பி சுற்றிக்கொண்டு வந்து சேரும். உருளையின் நட்டநடுவுக்கு எதிரே வைத்தால் இரண்டு முகமும் பக்கவாட்டில் போய்விடும்.

இரண்டு மைக் இருந்தால் முகத்துக்கு ஒன்று, ஒரு சாண் தள்ளி. ஆனால் வலப்பக்கம் தட்டும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது, உள்ளிருக்கும் காற்று தொப்பித் தோலை வெளியே தள்ளுகிறது. ஒரு மைக்குக்குத் தோல் விலகுகிறது, மற்றதற்கு நெருங்குகிறது. இரண்டையும் கூட்டினால் அடி மெலிந்து, 'தோம்' என்பது 'டொக்' என்று வரும். மென்பொருளில் ஒரு தடத்தைத் தலைகீழாக்கும் பொத்தான் உண்டு, பெரும்பாலும் குறுக்குக் கோடு போட்ட ஒரு வட்டம். அதை அழுத்திப் பாருங்கள், எது கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

புல்லாங்குழலில் ஒலி குழலின் கடைசி முனையிலிருந்து வருகிறது என்று நினைத்து அங்கே மைக் வைப்பவர்கள் உண்டு. உண்மையில் ஊதும் துளையிலும், திறந்திருக்கும் விரல் துளைகளிலும்தான் அது வெளியேறுகிறது. ஊதும் துளைக்கு எதிரே வைத்தால் மூச்சுக்காற்று சவ்வை நேராக அடிக்கும். வாசிப்பவரின் நெற்றி உயரத்தில், காற்றோட்டத்துக்கு மேலே வைத்துக் கீழே பார்க்கவைத்தால் இரண்டும் சரியாகும். நாகஸ்வரத்துக்கும் இதே நியாயம்தான், ஒலி அதன் அகன்ற வாயான அணசில் மட்டும் இல்லை. ஆனால் அதைப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பதிவு செய்ய ஆசைப்படாதீர்கள், கோவில் பிராகாரத்துக்கும் ஊர்வலத்துக்கும் ஆன வாத்தியம் அது. கல்யாண மண்டபமோ மொட்டை மாடியோ தேடிக்கொண்டு, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். வயலினுக்கு ஒன்றரை முழம், மேலிருந்து. கிட்டே போனால் வில்லில் தடவும் ரோசினின் உரசல்தான் மிஞ்சும்.

சுருதிப் பெட்டி இன்னொரு தொல்லை. கைப்பேசிச் செயலியில் சுருதி போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பார்கள், அது மைக்கில் ஏறிவிட்டால் பிறகு பிரிக்க வழியே இல்லை. காதை மூடும் வகை ஹெட்ஃபோனில் ஒற்றைக் காதுக்கு மட்டும் சுருதியைக் கொடுத்து, தம்புராவைப் பிறகு தனித் தடமாகச் சேர்ப்பதுதான் நல்ல வழி. மாமி முதலில் மறுத்தார், பிறகு பழகிக்கொண்டார்.

மைக்கில் இருக்கும், கீழ் ஒலிகளை வெட்டும் லோ-கட் சுவிட்ச் பற்றியும் ஓர் எச்சரிக்கை. லாரி உறுமல், தரை அதிர்வு எல்லாம் போகட்டும் என்று 80 ஹெர்ட்ஸில் வெட்டும் சுவிட்சைப் பலர் எப்போதும் போட்டே வைத்திருப்பார்கள். வயலினுக்கும் குழலுக்கும் சரி. வீணைக்கு 3 கட்டை சுருதி வைத்தால் முதல் தந்தியான சாரணி 165 ஹெர்ட்ஸ், மந்தரத் தந்தி 82, அனுமந்தரத் தந்தி 62. சுவிட்சைப் போட்டால் அனுமந்தரத்தின் காலை வெட்டுகிறோம்.

நம் ஊர் ஈரக்காற்று இந்த மைக்குக்குப் பகை. காப்ஸ்யூலில் ஏற்றிய மின்னூட்டம் எங்கும் கசியாமல் நிற்க வேண்டும். அதற்காக உள்ளே கோடிக்கணக்கான ஓம் மின்தடை வைத்திருக்கிறார்கள். ஈரப்பதம் படிந்தால் மின்னூட்டம் அதன் வழியே கசியும், பதிவில் அப்பளம் பொரிவதுபோலப் படபடக்கும். ஒரு மழை இரவில் நான் மைக்கைப் பால்கனிக் கதவருகே ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுத் தூங்கினேன். மறுநாள் முழுக்க அப்பளம். கைப்பேசியைப் போல அரிசிப் பானைக்குள் புதைக்கச் சொன்னார் ஒரு நண்பர். தயவுசெய்து வேண்டாம், அரிசி மாவுத் தூசி வலைக்குள் போனால் வராது. இறுக்க மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஓர் இரவு வைத்தேன், சரியாகிவிட்டது. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தால் உடனே மின்சாரம் கொடுக்காமல், வெளிச் சூட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் விடுவதும் இதற்காகத்தான்.

வாங்குவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும். உருவத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் சில மைக்குகளில், பெரிய கம்பீரமான உடம்புக்குள் சுண்டுவிரல் நகமளவு எலெக்ட்ரெட் காப்ஸ்யூல் இருக்கும். எலெக்ட்ரெட் மட்டமானது என்று சொல்ல வரவில்லை. மின்னூட்டத்தை நிரந்தரமாகத் தாங்கும் அந்தச் சவ்வை 1962-இல் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் செய்தார்கள், அதை வைத்து அருமையான ஸ்டூடியோ மைக்குகளும் வந்திருக்கின்றன. உடம்பு பெரிதாக இருப்பதால் சவ்வும் பெரிது என்று நம்பிவிட வேண்டாம் என்பதுதான். சுய இரைச்சல் எவ்வளவு என்று எழுதாத மைக்கை வீணைக்கு நான் வாங்கமாட்டேன்.

இரண்டாவது முறை மாமி வீட்டுக்குப் போனபோது எல்லாம் தயாராக இருந்தது. ஃப்ரிட்ஜ் மௌனம், மெத்தை தரையில், வளையலுக்குக் கைக்குட்டை, விரலுக்குத் தேங்காயெண்ணெய் தோய்த்த பஞ்சு, குடத்திலிருந்து ஒரு முழத்தில் மைக். ஒரே மூச்சில் முழுக் கீர்த்தனையையும் வாசித்தார். நான் கேட்டவரை அப்பழுக்கில்லை. ஹெட்ஃபோனை அவர் காதில் வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தவர், சரணத்தில் ஓர் இடத்தில் கையை உயர்த்தினார்.

"அந்த இடத்தைத் திரும்பப் போடு."

போட்டேன்.

"மத்தியமம் கேட்டியா? லேசா இரையறது. மெட்டு தளர்ந்திருக்கு. நாற்பது வருஷமா வாசிக்கிறேன், மடியில வெச்சுக் கேக்கறப்போ இது தெரியவே இல்லையே." ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "மெட்டெல்லாம் மெழுகுல புதுசாப் பதிச்சு மேளம் கட்டக் கொடுக்கணும். அடுத்த மாசம் வாடா, அப்புறம் அனுப்பலாம் அவளுக்கு."